நாள் கணக்கு யார் கையில்? பார்சல் கிடங்கின் முதல் வேலை பற்றி ஓர் ஆய்வு

பன்னிரண்டாம் வகுப்பையோ ஐ.டி.ஐ.யையோ முடித்தவர், சில வேளை பட்டமே வாங்கியவர், பார்சல் நிறுவனத்தின் கிடங்கில் லோடிங், அன்லோடிங், சார்ட்டிங் வேலைக்குச் சேர்கிறார். அந்த வேலை அவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்? மேலே ஏற உதவும் முதல் படியா, அல்லது ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் மறுபடி முதல் நாளிலிருந்தே தொடங்க வைக்கும் சுழலா? ஆன்லைன் வணிகம் வருவதற்கு வெகுகாலம் முன்பே எழுந்த கேள்வி இது. பஞ்சாலைக்குள் மேஸ்திரி வழியாக நுழைந்தவர்களையும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களையும், லாரி ஆபீஸ் வாசலில் கூலிக்குக் காத்திருந்தவர்களையும் வைத்து ஏறத்தாழ நூறாண்டாகப் பொருளியலாளர்களும் நீதிபதிகளும் தொழிற்சங்கத்தாரும் இதற்குப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள்.

அந்தப் பதில்களைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. பெரிய ஆலைகள் இருந்தபோது தொழிலாளியின் நாளுக்கு மணிக்கணக்கு வேண்டும் என்று உயிர் கொடுத்துப் போராடிய ஊர் இது. அந்த ஆலைகள் மூடப்பட்டபின், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 85 விழுக்காட்டைத் தாண்டிய இந்த ஒன்றியப் பகுதியில், படித்த இளைஞர்களுக்குக் கண்ணில் படும் வேலைகளில் கிடங்கு வேலையும் ஒன்றாகிவிட்டது.

## வேலையின் உள்ளடக்கம்

பார்சல் கிடங்கைப் பற்றிய விவாதங்களில் பாதி, வேலையைப் பார்க்காமலே நடக்கின்றன. "சும்மா தூக்கிப் போடுகிற வேலை" என்ற எண்ணமே அதற்குக் காரணம். பெருநகர மையங்களிலிருந்து கிளம்பும் லாரிகள் இரவில் ஓடி விடிகாலைக்குள் வந்து சேர்வதால், புதியவருக்குப் பெரும்பாலும் முதலில் வாய்ப்பது இரவு ஷிப்ட். வண்டியின் சீலைச் சரிபார்ப்பது, பைகளை இறக்குவது, ஒவ்வொரு பார்சலின் பார்கோடையும் ஸ்கேன் செய்வது, பின்கோடு பார்த்துப் பிரிப்பது, டெலிவரிக்குப் போகும் வரிசையில் அடுக்குவது, திரும்பிப் போகும் சரக்கைத் தனியே கட்டுவது என்று விடியும்வரை வேலை ஓடும். எடை மட்டும் பார்த்தால் போதாது. பெட்டியின் நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பல நிறுவனங்களில் 5000-ஆல் வகுத்து, கன அளவு எடையையும் கணக்கிட வேண்டும்.

பின்கோடு வைத்துப் பிரிப்பதில் புதுச்சேரிக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15 அன்று, ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த முறைப்படி, இந்தியாவில் பின்கோடு அறிமுகமானது. பழைய பிரெஞ்சு எல்லைகள் அந்த முறைக்குள் அடங்கவில்லை. நகரம் 605-இல் தொடங்குகிறது. அதே 605 விழுப்புரத்துக்கும் ஆரோவில்லுக்கும் பொருந்தும், அவையோ தமிழ்நாட்டில். ஒரே ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் 609, மாஹே 673, ஏனாம் 533. முகவரியில் "புதுச்சேரி" என்று கண்டதும் நகரப் பையில் போட்டால், ஏனாமுக்குப் போகவேண்டிய பார்சல் இங்கேயே கிடந்துவிடும். அனுபவப்பட்டவர் எண்ணைப் பார்த்த கணத்தில் கை திருப்புவார். இது கற்றுக்கொள்ளும் திறன்தான். ஆனால் இதைக் கற்றதற்கு எந்தச் சான்றிதழிலும் இடமில்லை.

## படி என்னும் வாதம்

முதல் வேலை எதுவானாலும் பயனே என்ற நிலைப்பாட்டுக்கு வலுவான கோட்பாட்டு அடித்தளம் தந்தவர் கேரி பெக்கர். 1964-இல் வெளியான அவருடைய மனித மூலதனம் பற்றிய நூல், வேலையிடத்தில் பெறும் பயிற்சியை முதலீடாகப் பார்த்தது. தொடக்கக் கூலி குறைவாக இருக்கலாம், கற்றது பின்னால் ஊதியமாகத் திரும்பும் என்பது அதன் சாரம். 1971-இல் பீட்டர் டோரிஞ்சரும் மைக்கேல் பியோரியும் இன்னொரு கோணத்தைச் சேர்த்தனர். பெரிய நிறுவனங்களுக்குள் தனி உழைப்புச் சந்தை ஒன்று இயங்குகிறது; கீழ்ப்படியில் நுழைந்தவர்களிலிருந்தே மேல்படிக்கு ஆள் எடுக்கப்படுகிறது என்றனர். அப்படிப்பட்ட உள் ஏணி எல்லா வேலைகளுக்கும் கிடையாது என்பதையும் அவர்களே சொன்னார்கள். ஏணியில்லாத, நிலையற்ற, குறைகூலி வேலைகள் இரண்டாம்தரச் சந்தை ஒன்றாகத் தனியே இருக்கின்றன.

பார்சல் துறையில் இந்த வாதத்துக்கு அடிக்கடி காட்டப்படும் சான்று அமெரிக்காவின் யு.பி.எஸ். 1907-இல் சியாட்டிலில் செய்தி கொண்டு செல்லும் சிறு நிறுவனமாகத் தொடங்கியது. கீழிருந்து வந்தவர்களையே மேலே ஏற்றுவதைத் தன் மரபாகச் சொல்லிக்கொண்டது. ஆனால் அதே நிறுவனத்தில் 1997 ஆகஸ்டில் ஏறக்குறைய 1,85,000 பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கிடங்குகளில் பகுதிநேரமாகவே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கப்பட்டவர்களின் குறைதான் அந்தப் போராட்டத்தின் மையம். பகுதிநேர இடங்களை இணைத்து 10,000 முழுநேர வேலைகள் உருவாக்க நிறுவனம் ஒப்புக்கொண்ட பிறகே அது முடிந்தது. தானாக முளைத்ததாகச் சொல்லப்படும் ஏணியின் பல படிகள் இப்படிப் பேரம் பேசிப் போடப்பட்டவை.

இந்தியாவில் இதே வாதத்தின் அரசு வடிவம் திறன் பயிற்சி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட லாஜிஸ்டிக்ஸ் திறன் கவுன்சில் கிடங்கு வேலைகளுக்குத் தகுதி வரையறைகளை வகுத்திருக்கிறது. 2022 செப்டம்பரில் வெளியான தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையும் திறனை வலியுறுத்துகிறது. சான்றிதழ் ஒருவரின் அறிவை வெளியே காட்ட உதவும், அதில் ஐயமில்லை. ஆனால் ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சி தலைக்கு இவ்வளவு என்று பில் போடும் இடத்தில், சான்றிதழ் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே தொகைதான் என்றால், அந்த முதலீடு எங்கே திரும்பும்? பெக்கரின் வாதம் பதில் சொல்லாமல் விடும் இடம் இதுவே.

## கோட்டையும் சரிவும்

இந்தியத் தொழிலாளரை ஊன்றிப் பார்த்த மானிடவியலாளர்கள் வேறு படம் தந்தார்கள். பெங்களூர் ஆலைத் தொழிலாளர் பற்றி 1976-இல் எழுதிய மார்க் ஹோம்ஸ்ட்ராம், அமைப்புசார் வேலையை மதில் சூழ்ந்த கோட்டையாகக் கண்டார். உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு, வெளியே இருப்பவருக்கு எதுவுமில்லை. 1984-இல் வந்த நூலில் அதே ஆய்வாளர் தம் கருத்தைத் திருத்தி, மதிலைவிடச் சரிவு என்பதே பொருத்தம் என்றார். நிரந்தரம், தற்காலிகம், ஒப்பந்தம், தினக்கூலி எனப் பாதுகாப்பு படிப்படியாக இறங்குகிறது. சிலர் அதில் ஏறவும் செய்கிறார்கள். தெற்கு குஜராத்தில் பல பதிற்றாண்டுகள் களப்பணி செய்த யான் பிரேமன், 1996-இல் வெளியான நூலில், ஏறுவதைவிட அலைவதே பெரும்பாலோரின் அனுபவம் என்றார். வேலை மாறுகிறது, ஊர் மாறுகிறது, நிலை மாறுவதில்லை.

மூவகைப் படங்களில் பார்சல் கிடங்குக்கு நெருங்கியது சரிவுதான் என்று எனக்குப் படுகிறது. ஒரே கூரையின் கீழ் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் உள்ள சூப்பர்வைசர், ஏஜென்சி வழி வந்த ஸ்கேனர் இயக்குபவர், தீபாவளிக் கூட்டத்துக்காக மூன்று வாரம் மட்டும் அழைக்கப்பட்ட லோடுமேன், வாசலில் நிற்கும் டெலிவரிப் பையன் என நான்கு வகையினர் இருக்க முடியும். ஆனால் சரிவு என்ற சொல், ஒருவரை ஓரிடத்தில் பிடித்து வைத்திருப்பது எது என்பதைச் சொல்வதில்லை. அதற்குச் சட்டத்திடமும் வரலாற்றிடமும் போக வேண்டும்.

## ஆலைகள் விட்டுச்சென்ற பாடம்

புதுச்சேரியின் சவானா ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. பின்னாளில் அதுவே சுதேசி காட்டன் மில். 1898-இல் தோன்றிய ரோடியர் ஆலை, பின்னர் ஏ.எஃப்.டி. என்று அறியப்பட்டது. பாரதி மில் மூன்றாவது. இவற்றில் வேலை தொடக்கத்தில் இன்றைய கிடங்கு வேலையைவிடப் பாதுகாப்பாக இருக்கவில்லை. மேஸ்திரியின் தயவு, நீண்ட நேரம், எப்போது வேண்டுமானாலும் நீக்கம். பிரிட்டிஷ் இந்தியாவில் 1931-இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம், ஆள் எடுப்பதும் நீக்குவதும் இடைத்தரகர் கையில் இருப்பதைத் தொழிலாளரின் பெரும் துன்பங்களில் ஒன்றாகக் கண்டது. பிரெஞ்சு ஆட்சியின் கீழும் நிலைமை அதிகம் வேறல்ல.

1936 ஜூலை 30 அன்று, வேலைநிறுத்தத்தில் இருந்த சவானா ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் உயிரிழந்தனர். பிரான்சில் அப்போது மக்கள் முன்னணி அரசு இருந்தது. அங்கே தொழிலாளருக்குக் கிடைத்த உரிமைகள் இங்கே ஏன் இல்லை என்ற கேள்வியைத் தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முதலானோர் பாரிஸ் வரை கொண்டுசென்றனர். 1937-இல் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் பிரெஞ்சிந்தியச் சட்டத்தில் இடம்பெற்றன.

இந்தப் போராட்டத்தை ஊதியப் போராட்டமாக மட்டும் வாசிப்பது குறைவான வாசிப்பு என்பது என் கருத்து. அதன்பின் ஆலைத் தொழிலாளியின் நாளுக்கு அளவு வந்தது, அந்த நாட்கள் பதிவேட்டில் ஏறின. நாட்கள் ஏறியதால் விடுப்பும் பணிக்கொடையும் ஓய்வூதியமும் கேட்கத் தகுதி வந்தது. 2020-இல் ஆலைகள் மூடப்பட்டபோது நிலுவைக்காகத் தொழிலாளர் வாதாட முடிந்ததற்கும் அந்தப் பதிவேடே ஆதாரம். மில் வேலையை நல்ல வேலையாக ஆக்கியதில், தறியோ நூலோ ஆற்றிய பங்கைவிட இந்த நாள் கணக்கின் பங்கு பெரிது.

## முதலாளி யார்?

சட்டத்தின் நீண்ட விவாதம் இங்கே வந்து சேர்கிறது. நாள் கணக்கு ஏற வேண்டுமானால் அதை ஏற்றும் பொறுப்புள்ளவர் யார் என்று தெரிய வேண்டும். தாராங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில் 1956 இறுதியில் உச்ச நீதிமன்றம், வேலை செய்யும் முறையைக் கட்டுப்படுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்தது. 1978-இல் ஹுசைன்பாய் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இன்னும் தூரம் போனார். தொழிலாளியின் பிழைப்பு யாருடைய வியாபாரத்தைச் சார்ந்திருக்கிறதோ அவரே உண்மை முதலாளி. இடையில் நிற்கும் ஒப்பந்தக்காரர் வெறும் திரையாக இருக்கலாம் என்றார். முதல் அளவுகோலைக் கிடங்குக்கு இன்று பொருத்திப் பார்த்தால் விளைவு வியப்பானது. எத்தனை நிமிடத்தில் எத்தனை பார்சல் ஸ்கேன் ஆக வேண்டும் என்று நிர்ணயிப்பது பார்சல் நிறுவனத்தின் மென்பொருள். ஒப்பந்தக்காரர் கிடங்குப் பக்கமே வராமல் இருக்கலாம்.

1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் ஒப்பந்த முறையை ஒழுங்குபடுத்தவும், நிரந்தரத் தன்மையுள்ள வேலைகளில் அதைத் தடைசெய்யவும் வழி வைத்தது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால், அவர் வழியாக வேலை வாங்கும் முதன்மை முதலாளி கொடுக்க வேண்டும் என்ற பிரிவு அதன் வலுவான பகுதி. தடை வந்தபின் அந்தத் தொழிலாளரின் கதி என்ன என்பதைச் சட்டம் சொல்லவில்லை. ஏர் இந்தியா வழக்கில் 1996-இல் நீதிமன்றம், அவர்கள் தாமாகவே முதன்மை முதலாளியின் ஊழியராவர் என்றது. 2001-இல் செயில் என்னும் பொதுத்துறை எஃகு நிறுவனத்தின் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதை மாற்றியது. தானாக ஈர்ப்பு இல்லை, ஒப்பந்தம் போலி என்று நிரூபித்தால் மட்டுமே உரிமை. நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தோளில் ஏறியது. நாலு மாதத்தில் வேலை மாறும் கிடங்கு இளைஞர் அதை எப்படிச் சுமப்பார் என்பது இந்தத் தீர்ப்பின் ஆதரவாளர்கள் போதிய கவனம் தராத இடம்.

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் விவாதத்தைப் புதிய இடத்துக்கு நகர்த்தியிருக்கின்றன. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, ஒப்பந்த முறைக்கான எண்ணிக்கை வரம்பை 50-ஆக உயர்த்துகிறது. மறுபக்கம், நிறுவனத்தின் மையச் செயல்பாட்டில் ஒப்பந்தத் தொழிலாளரை வைப்பதைத் தடை செய்கிறது. சரக்கு ஏற்றி இறக்குவதும் கூரியர் சேவையும் மையமல்லாத துணை வேலைகள் என்ற பட்டியலில் வருகின்றன. ஆனால் அந்த வேலைக்கென்றே நிறுவப்பட்ட நிறுவனமாக இருந்தால் அப்படிக் கருதக்கூடாது என்ற வாசகமும் உடன் இருக்கிறது. பார்சல் நிறுவனத்துக்கு ஏற்றி இறக்குவதும் பிரிப்பதுமே தொழில். ஆகவே நேர்ப் பொருளில் பார்த்தால் கிடங்குத் தொழிலாளி அந்நிறுவனத்தின் நேரடி ஊழியராக இருக்க வேண்டும்.

அடுத்து வரும் விதிவிலக்குகள் இந்தக் கதவைப் பாதி மூடுகின்றன. வழக்கமாகவே ஒப்பந்தக்காரர் வழி செய்யப்படும் வேலைக்கும், திடீரென வேலை பெருகும் காலத்துக்கும் ஒப்பந்த ஆள் வைக்கலாம். ஒரு துறை முழுவதும் பல ஆண்டுகளாக ஒப்பந்த ஆட்களையே வைத்திருந்தால், அந்த வழக்கமே சட்டப்பூர்வ நியாயமாகிவிடுமா? தீபாவளி, பொங்கல், தள்ளுபடி விற்பனை என்று ஆண்டில் பாதி மாதங்கள் கூட்டமாக இருக்கும் துறையில் "திடீர்" என்பதன் எல்லை எது? இந்த இரண்டுக்கும் வருங்காலத்தில் தரப்படும் விளக்கத்தைப் பொறுத்தே தடையின் மதிப்பு அமையும்.

புதுச்சேரியில் இதோடு எல்லைச் சிக்கலும் சேர்கிறது. புதுச்சேரி வட்டாரத்தின் நிலம் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களோடு துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கிறது. கிடங்கு எந்தத் துண்டில் இருக்கிறதோ அதைப் பொறுத்துக் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கையும் ஆய்வாளரின் அதிகார வரம்பும் மாறும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின், மாநிலத்துக்கு ஒரு கிடங்கு என்ற பழைய வரித் தேவையும் போய்விட்டது. கிடங்கை எங்கே வைப்பது என்பதில் நிறுவனங்களுக்குக் கூடுதல் சுதந்திரம். மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு போன்ற தொழிற்பேட்டைகளை ஒட்டி வேலை தேடுபவர், தம் உரிமை எந்த அரசிடம் என்பதையே முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

## நாள் கணக்கை வாரியத்திடம் கொடுத்தவர்கள்

யார் முதலாளி என்று தேடுவதை விட்டுவிட்டு, கணக்கையே வேறிடத்தில் வைத்துவிடலாம் என்பது மூன்றாவது நிலைப்பாடு. 1948-இன் துறைமுகத் தொழிலாளர் சட்டம் அதற்கு முன்மாதிரி. மகாராஷ்டிரத்தில் அண்ணாசாகேப் பாட்டீல் வழிநடத்திய சுமைப்பணியாளர் இயக்கத்தின் பயனாக 1969-இல் மாதாடி சட்டம் வந்தது. வணிகர்கள் கூலியையும் அதன் மேல் ஒரு தீர்வையையும் வாரியத்தில் கட்டுகிறார்கள். வாரியம் கூலியைக் கொடுத்து, வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் பராமரிக்கிறது. நூறு கடைகளுக்கு மூட்டை தூக்கினாலும் கணக்கு ஒன்றுதான். கேரளத்தில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த நல வாரியம் கல்வி, திருமணம், விபத்து, முதுமை உதவிகளைத் தருகிறது. ஆனால் கூலி அதன் கை வழியாகப் போவதில்லை.

இந்த முறையின் குறைகளும் உண்மையானவை. பதிவு பெற்றவருக்கு மட்டுமே வேலை என்றால் புதிதாக வருபவருக்குக் கதவு அடைபடும். கேரளத்தில் வேலையே செய்யாமல் கேட்கப்பட்ட "நோக்குகூலி" பொதுமக்களின் வெறுப்பைச் சம்பாதித்து, 2018 மே 1 முதல் அரசாலேயே தடைசெய்யப்பட்டது. இருந்தும், சுமைப்பணியின் நாட்களைத் தனி முதலாளியைச் சாராமல் சேர்த்து வைக்க முடியும் என்பதை இவை காட்டிவிட்டன. 2014-இல் வைப்பு நிதிக்கு வந்த யு.ஏ.என். எண் அதே கருத்தின் சிறிய வடிவம்தான். ஒப்பந்தக்காரர் மாறினாலும் எண் மாறாது.

மற்ற கணக்குகள் எல்லாமே அப்படி நகர்வதில்லை. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு ஓராண்டில் 240 நாட்கள் வேண்டும். ஈ.எஸ்.ஐ. நோய்க்கால உதவிக்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்கள் போதும். வைப்பு நிதி ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுகள். பணிக்கொடைக்கு 5 ஆண்டுகள். நிலையான கால ஒப்பந்தத்தில் நேரடியாக எடுக்கப்பட்டவருக்குப் புதிய தொகுப்பின்படி ஓராண்டு. இவற்றில் 78 நாளையும் வைப்பு நிதிக் கணக்கையும் கிடங்கு இளைஞர் எட்டக்கூடும். 240 நாளும் பணிக்கொடையும், ஏஜென்சி பெயர் மாறும் ஒவ்வொரு முறையும் கைநழுவும் ஆபத்தில் இருக்கின்றன. வேலைக்குச் சேரும் நாளில் நியமனக் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது, யு.ஏ.என். தொடங்கப்பட்டதா, ஈ.எஸ்.ஐ. எண் எது என்று கேட்பது இதனால்தான் அற்பமான கேள்வி ஆகாது. நியமனக் கடிதம் தருவதை இப்போது சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது.

## உடலும் இயந்திரமும்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967-ஆம் ஆண்டுப் பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமைக்கு 55 கிலோவை உச்சமாகச் சொன்னது. 1991-இல் அமெரிக்காவின் பணிநல ஆய்வு நிறுவனம் திருத்திய சூத்திரம், எல்லாம் சாதகமாக இருந்தாலே 23 கிலோதான் என்று தொடங்குகிறது. குனிவதும் திரும்புவதும் வேகமும் கூடக்கூட அந்த எண் குறையும். கிடங்கில் முதுகை உடைப்பது பெரும்பாலும் ஒரே கனமான பெட்டியல்ல, ஆயிரமாவது முறை குனிவதுதான். தகரக் கூரையும் கடற்கரைப் புழுக்கமும் சேர்ந்தால் இன்னும் கடுமை. ஹரியானாவின் மானேசரில் ஒரு கிடங்கில், லாரிகளை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்குப் போகவோ மாட்டோம் என்று தொழிலாளரிடம் உறுதிமொழி வாங்கியதாக வந்த செய்தியைத் தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2024 ஜூனில் தானே முன்வந்து எடுத்துக்கொண்டது. கலிபோர்னியா 2021-இல் இயற்றிய சட்டம், வேக இலக்கைத் தொழிலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், இடைவேளையைப் பறிக்கும் இலக்கு செல்லாது என்கிறது. இங்கே அதற்கு நிகரான சட்டம் இல்லை.

இயந்திரம் இந்த வேலையையே விழுங்கிவிடும் என்ற வாதம், 1956-க்குப் பின் கண்டெய்னர் துறைமுகக் கூலியாட்களைக் குறைத்ததைச் சான்றாகக் காட்டுகிறது. பெரிய மையங்களில் தானியங்கி சார்ட்டர்கள் வந்துவிட்டன. புதுச்சேரி அளவுள்ள கிளைக் கிடங்கில் அவற்றின் செலவு கட்டுபடியாகுமா என்பதே ஐயம்; உருவம் சீரில்லாத பெட்டிகளை லாரியிலிருந்து இறக்குவது இன்னும் கைவேலைதான். இப்போதைக்கு இயந்திரம் ஆளைக் குறைப்பதைவிட, ஆளின் வேகத்தை அளப்பதையே அதிகம் செய்கிறது.

## தீராமல் நிற்பவை

இந்த நிலைப்பாடுகளை அருகருகே வைத்தால், படி என்னும் வாதமும் சுழல் என்னும் வாதமும் ஒரே வேலையை இரு வேறு ஏற்பாடுகளில் பார்த்தவை என்று கொள்ள இடமிருக்கிறது. நாட்கள் தொழிலாளியின் பெயரில் சேரும் இடத்தில் கிடங்கு வேலை ஓரளவு படியாகிறது. அது நுழைபவரின் உழைப்பால் மட்டும் வருவதில்லை என்பதற்கு 1936-37-இன் புதுச்சேரியும், 1969-இன் மகாராஷ்டிரமும், 1997-இன் யு.பி.எஸ்.ஸும் சான்று. ஆனால் இம்மூன்றிலும் தொழிலாளர் பெருந்திரளாக இருந்தார்கள். சிறு கிளைக் கிடங்குகளில் சிதறி, சில மாதங்களில் விலகிப்போகிறவர்கள் அப்படித் திரள முடியுமா என்பதற்கு வரலாற்றில் நேரான விடை இல்லை.

மையச் செயல்பாட்டுத் தடை பார்சல் துறையில் எப்படிப் பொருள் கொள்ளப்படும், 50 என்ற வரம்பைத் தவிர்க்க ஒரே கிடங்கின் ஆட்கள் பல ஏஜென்சிகளாகப் பிரிக்கப்பட்டால் கணக்கு எப்படி எடுக்கப்படும், வைப்பு நிதி எண்ணைப் போலப் பணிக்கொடையும் தொழிலாளியோடு நகரும்படி செய்ய முடியுமா, எல்லை தாண்டி இயங்கும் கிடங்குகளில் புதுச்சேரி, தமிழ்நாடு அரசுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து செயல்பட வழி உண்டா என்பவை முடிவாகாதவை. இரவு ஷிப்டில் பெண்களைச் சம்மதத்தோடு பணியமர்த்தலாம் என்று புதிய தொகுப்பு அனுமதித்திருப்பதால், அவர்களுக்கான போக்குவரத்தும் பாதுகாப்பும் ஒப்பந்தக்காரர் பொறுப்பா, நிறுவனத்தின் பொறுப்பா என்ற கேள்வியும் இவற்றோடு சேர்ந்திருக்கிறது.